ரேணுகா அறைக்கு என்ன கூரை?

கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கட்சிக் கூட்டம், கருமாதி. ஊரில் எது நடந்தாலும் அதற்கு மேலே கூரை போடுகிறவன் நான். திருப்போரூரில் 'தீனா பந்தல் அண்டு சப்ளையர்ஸ்' எங்கே என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். போன முகூர்த்தத்தில் கொடுத்த நாற்காலிகளில் எத்தனைக்குக் கால் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்வார்கள்.

அப்பேர்ப்பட்ட நான், சொந்த வீட்டில் ஒரே ஓர் அறைக்கு என்ன கூரை என்று முடிவு செய்ய முடியாமல் ஐப்பசி பிறந்தும் முழித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் நெம்மேலி வீட்டுக் கதையை வாராவாரம் கேட்டுவருகிறவர்களுக்கு இது புதிதில்லை. நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கீழ்வீட்டுக்குத் தளம் போட்டாயிற்று. மாடியில் ஒற்றை அறை, நான்கு சுவரோடு வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. அது என் தங்கை ரேணுகாவுக்கு. பங்குனி மாதத்தில் ஒரு நாள், மதுராந்தகத்துப் புருஷன் வீட்டிலிருந்து ஒரு சூட்கேஸும் ஒரு மிக்ஸியுமாக வந்து இறங்கினாள்.

"மிக்ஸி எதுக்கும்மா?" என்று கேட்டேன்.

"அது ஒண்ணுதான் நானா பாத்து வாங்குனது" என்றாள். அதற்கு மேல் அவளும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. திருப்போரூர் வாடகை வீட்டில் அன்றிலிருந்து ஹாலில் படுக்கிறாள்.

அறைக்குக் கூரை என்று வந்தபோது வீடு இரண்டு கட்சியானது.

என் அப்பா திருவேங்கடம், எங்களுக்கு நைனா, ஷீட் கட்சி. கரும்பு லாரி ஓட்டியவர். மதுராந்தகம் பக்கம் ஆலைக்கு லோடு அடித்தபோது பிடித்த சம்பந்தம்தான் மாப்பிள்ளை மோகன். "கோவம் தணிஞ்சா மாப்ள வந்து இட்டுனு பூடுவாரு. நாலு நாள் தங்கற பொண்ணுக்கு ஓடு இன்னாத்துக்கு? தகரம் போதும்" என்பது அவர் கட்சிக் கொள்கை.

என் மனைவி விஜயகுமாரியும் ஷீட் கட்சி. "ஷீட்டே போடுங்க" என்று வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னாள். ஏன் என்று கேட்டதற்கு, வெங்காயத்தைப் பார்த்தாளே தவிர என்னைப் பார்க்கவில்லை. அன்றைக்கே எனக்குள் ஒரு புழு புகுந்துவிட்டது.

ஓடு கட்சியில் நான் ஒருவன்தான். தலைவரும் நானே, தொண்டரும் நானே.

இதற்கெல்லாம் காரணம் எங்கள் இன்ஜினியர் ஜெயந்த் சொன்ன ஒரு வாக்கியம். "ஓடுன்னா வெயிட் சார். அடியில கனமா இரும்புச் சட்டம் வெல்டு பண்ணணும். அப்புறம் அதைத் தொட முடியாது. ஷீட்னா போல்ட் நட்டு. வேணாம்னு தோணினா கழட்டிடலாம்."

வேணாம்னு தோணினா கழட்டிடலாம்! அவர் அதைச் சொல்லும்போது ரேணுகா எங்களுக்கெல்லாம் டீ கொண்டுவந்து நீட்டிக்கொண்டிருந்தாள். ராத்திரி கட்டி காலையில் அவிழ்ப்பதே என் பிழைப்பு. இன்று நிற்கும், நாளை நிற்காது என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? கூடப் பிறந்தவளுக்குப் பந்தல் போட்டா கொடுப்பது?

ரேணுகாவை யாரும் கேட்கவில்லை. கேட்டால் அவள் மனசு நோகும் என்று நான்தான் கேட்கவிடவில்லை. அவ்வளவு நல்ல அண்ணன் நான்.

*

வெள்ளிக்கிழமை காலையில் ஜெயந்த் ஃபோன் செய்தார்.

"சார், நாளைக்கு வெல்டர் வர்றார். கடல்ல தாழ்வு மண்டலம்னு சொல்றாங்க. மழை பிடிச்சா அவர் வேற சைட்டுக்குப் போயிடுவார். இன்னிக்கு சாயந்தரத்துக்குள்ள ஓடா ஷீட்டான்னு சொல்லிடுங்க."

"ஓடுதான். இன்னிக்கே போய்ப் பாத்துட்டு வந்துடறேன்" என்றேன், ஹாலில் எல்லோருக்கும் கேட்கும்படி.

எல்லோருக்கும் கேட்டது. நைனா பேப்பருக்குப் பின்னால் கனைத்தார். விஜயா, கேளம்பாக்கத்துத் துணிக்கடை வேலைக்குப் போகக் கட்டியிருந்த புடவையோடேயே, கடைக்கு லீவு சொன்னாள்.

"நீ எதுக்கு?" என்றேன்.

"நீங்க தனியா போனா கடைக்காரன் ஓட்டோட சேத்து கோபுரக் கலசத்தையும் தலையில கட்டிடுவான்."

"ரேணுவும் வரட்டும்" என்றேன். அவள் கண் முன்னால் ஓட்டை வாங்கி, அவள் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை.

எங்களிடம் இருப்பது ஒரு குட்டியானை. ஊர் நாற்காலிகளையெல்லாம் சுமக்கும் அந்த வண்டியின் கேபினில் இருவர் உட்காரலாம். மூவர் உட்கார்ந்தால் கியர் போடும்போது நடுவில் இருப்பவரிடம் அனுமதி கேட்க வேண்டும். நடுவில் விஜயா.

"முட்டிய நகத்து, மூணாவது போடணும்."

"ரெண்டுலயே போங்க. இன்னா அவசரம்? ஓடு இன்னா ஓடியா பூடும்?"

ரேணுகா ஜன்னல் பக்கம் சிரித்த மாதிரி இருந்தது. காட்டுப் பகுதி வந்ததும் ரோட்டோரம் குரங்குகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒவ்வொன்றும் எங்களை ஏற்கெனவே தெரிந்த மாதிரி பார்த்தது.

"பாத்துக்கோங்க. இதுங்கதான் உங்க ஓட்டு மேல ஏறி ஆடப்போறது" என்றாள் விஜயா.

"நெம்மேலிக்கு குரங்கு வராது."

"ஓடு போட்டா வரும்."

உள்ளே புழு நெளிந்தது. குரங்காம், சாக்கு! நாத்தனார் நிரந்தரமாக மாடியில் உட்கார்ந்துவிடுவாளே என்ற பயம், குரங்கு வேஷம் போட்டுக்கொண்டு வருகிறது. பதினைந்து வருஷம் குடும்பம் நடத்தியும் இவள் மனசை நான் படிக்கவில்லையே என்று எனக்கு நானே வருத்தப்பட்டுக்கொண்டேன். வருத்தத்தில் மூன்றுக்குப் பதில் ஒன்றைப் போட்டுவிட்டேன். வண்டி குதித்தது.

*

செங்கல்பட்டுக்குள் நுழைவதற்கு முன்பே ரோட்டோரத்தில் இருந்தது அந்த யார்டு. ஒரு பக்கம் சிவப்புச் சிவப்பாக ஓடுகள் அடுக்கியிருந்தன. மறுபக்கம் பச்சை, நீலம், வெள்ளை என்று ஷீட்டுகள் சாய்ந்து நின்றன. நடுவில் முதலாளி பாலசுப்ரமணியன், இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக ஒரு நாற்காலியில். இரண்டையும் விற்கிறவர் என்பதால் எந்தக் கட்சியிலும் இல்லாதவர்.

நான் ஓட்டுப் பக்கம் நடந்தேன். கூடவே வந்தார். ஓர் ஓட்டை எடுத்து விரல் மடக்கித் தட்டினார். டங்கென்று கோயில் மணி மாதிரி கேட்டது.

"சத்தத்த கேட்டியா அண்ணாத்த? இது நல்லா வெந்த ஓடு. மே மாசத்துல கூட வெயில் உள்ள எறங்காது. ஓடுன்னா ஓடுதான்."

விஜயா ஷீட் பக்கம் திரும்பினாள். அவரும் திரும்பினார்.

"ஷீட்டுன்னா ஷீட்டுதான்க்கா. ஒரே நாள்ல ஏத்திடலாம். ஓடுன்னா ரெண்டு குரங்கு போதும், வூட்டுக்குள்ள இருந்தே நட்சத்திரம் பாக்கலாம்."

"இப்பதானேய்யா ஓடுதான் ஒசத்தின்னே?" என்றேன்.

"அது உனக்கு சொன்னது. இது அக்காவுக்கு." கொஞ்சமும் அசரவில்லை மனிதர். "வூடு எங்க கீது?"

"நெம்மேலி. கடல் பக்கம்."

"அப்ப ஷீட்டுன்னா இரும்பு வாணாம், உப்புக் காத்து தின்னுடும். அலுமினியம் போடு. ஸ்க்ரூவும் துரு புடிக்காததா போடணும். நம்மாளுங்க ஷீட்ட பாத்து வாங்கிட்டு ஸ்க்ரூல கோட்ட வுட்டுடுவாங்கோ. அப்புறம் ஸ்க்ரூ ஓட்டை வழியா மழை சொட்டு சொட்டா வூட்டுக்குள்ள குடித்தனம் வந்துடும்."

"ஷீட்டப் பத்தி யாரு கேட்டா? மாண்டஸ் புயல்ல என் பந்தல் தகரம் எத்தினி பறந்துச்சு தெரியுமா? பக்கத்துத் தெருவுல போய் ஒவ்வொரு வூடா, எங்க தகரம் வந்துச்சான்னு விசாரிச்சேன். ஓடு சொல்லு."

"ஓடும் பறக்கும் அண்ணாத்த. ஆனா ஒண்ணு ஒண்ணா பறக்கும். அது ஒரு மரியாத."

ரேணுகா சற்றுத் தள்ளி நின்று ஓர் ஓட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்தாயா, பிடித்துவிட்டது என்று நினைத்தேன்.

"யாருக்கு ரூமு?" என்றார் பாலசுப்ரமணியன்.

விஜயா என்னைப் பார்த்தாள். நான் நெஞ்சை நிமிர்த்தினேன். இந்தக் கேள்விக்காகத்தானே வாரக்கணக்கில் காத்திருந்தேன்?

"என் தங்கச்சிக்கு. நாலு நாள் தங்கிட்டுப் போறவ இல்ல. ஆயுசுக்கும் இங்கதான். அதுக்குத் தகுந்தா மாதிரி கனமா, அசையாத மாதிரி கொடு."

கண்ணோரம் துடைத்துக்கொண்டு ரேணுகாவைத் திரும்பிப் பார்த்தேன்.

அவள் கையிலிருந்த ஓட்டை, உடையாமல், எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

"ஷீட்டு போடுண்ணா" என்றாள்.

"இன்னாம்மா?"

"ஷீட்டு. எனக்கு ஓடு வாணாம்."

"உனக்குத் தெரியாது. ஷீட்டுன்னா வெயில்ல வெந்துடுவ."

"ஃபேன் போட்டுக்கறேன்."

"மழை பேஞ்சா தலையில மேளம் அடிக்கும்."

"அடிக்கட்டும்."

"உனக்கு யாரோ சொல்லிக்குடுத்துகிறாங்கோ!" என்றேன். யாரோ என்று சொன்னாலும் என் கண் நேராக விஜயாவிடம் போய் நின்றது. "நீதானே? வெங்காயம் நறுக்கும்போதே நெனச்சேன். அவ மாடியிலயே உக்காந்துடுவாளேன்னு உனக்கு பேஜாரு. நாளைக்குக் கழட்டிடலாம்ல? அதானே உன் கணக்கு?"

யார்டில் ஒரு லாரி ஓடு இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் இறக்குவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

விஜயா விறுவிறுவென்று போய்க் குட்டியானையில் ஏறிக் கதவை அறைந்தாள். அது சாத்தவில்லை. திறந்து இன்னொரு முறை அறைந்தாள். அப்போதும் சாத்தவில்லை. அந்தக் கதவைக் கொஞ்சம் தூக்கி, உள்ளே இழுத்து, நயமாகச் சாத்த வேண்டும். கோபத்துக்குத் தோதுப்படாத கதவு. மூன்றாம் முறை நயமாகச் சாத்திக்கொண்டு, முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டாள்.

பாலசுப்ரமணியனுக்கு அப்போது ஒரு ஃபோன் வந்தது. வராத ஃபோன். காதில் வைத்துக்கொண்டு அந்தக் கோடிக்குப் போய்விட்டார்.

"அண்ணிய ஏன்ணா திட்டுன?" என்றாள் ரேணுகா.

"நீ சும்மா இரு. உனக்கு எதுவும் புரியாது."

"அண்ணிகிட்ட ஷீட்டு வோணும்னு சொன்னதே நான்தான். 'உங்கண்ணனாண்ட நீயே சொல்லு'ன்னாங்க. நான்தான் மாட்டேன்னேன். நீ அழுவியேன்னு பயம். எனக்காவ அவங்க சொன்னாங்க. நான் சொன்னேன்னு சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டேன். அதான் உன் மூஞ்சிய பாக்காம சொல்லிகினு இருந்தாங்க."

ஓட்டு அடுக்கின் மேல் உட்கார்ந்தேன். அங்கே 'உட்காராதீர்' என்று எழுதியிருந்தது. எழுந்துகொண்டேன்.

"ஏம்மா? உனக்கு ஒண்ணு நிரந்தரமா இருக்கட்டும்னுதானே..."

"தெரியும்ணா. நல்லதுக்குத்தான்." அவள் குனிந்து சேலை நுனியில் ஒட்டிய செம்மண்ணைத் தட்டினாள். தட்டிக்கொண்டே பேசினாள். "அவரும் நல்லதுக்குத்தான் பண்ணாரு. நான் வேலை பாத்த லேபுக்கு ஃபோன் போட்டு, 'இனிமே ரேணுகா வரமாட்டா'ன்னு சொன்னாரு. நான் பக்கத்துலதான் கீறேன். கொத்தவரங்கா நறுக்கிகினு. என்னாண்ட ஒரு வார்த்த கேக்கல. பஸ்ல நான் கஷ்டப்படறேனாம். அதப் பாக்க அவருக்கு மனசு தாங்கலியாம்."

செம்மண் போன பிறகும் சேலை நுனியைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"அடிக்கல, குடிக்கல. நைனாகிட்ட இன்னான்னு சொல்றது? 'என் புருஷன் எனக்காவ வருத்தப்பட்டாரு, அதான் வந்துட்டேன்'னா?" சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "இப்ப நீ ஆயுசுக்கும்னு சொன்ன பாரு. எனக்கு அந்தக் கொத்தவரங்கா ஞாபகம் வந்துச்சுண்ணா."

ஓடு இறக்குபவர்கள் மறுபடி ஆரம்பித்திருந்தார்கள். ஒவ்வொரு ஓடும் கைமாறும்போது லேசாகச் சத்தம் போட்டது.

"அப்ப திரும்பி மதுராந்தகத்துக்கே போலாம்னு கீறியா?"

"இல்ல."

"வேற எங்க?"

"தெரியாது."

"தெரியாதுன்னா?"

"தெரியாதுன்னா தெரியாதுதான். தெரியலன்னா உடனே மேல ஓடு போட்டுடுவியா?"

அவள் விடவில்லை.

"நீ பந்தல் கட்றியே, அது காத்துல நிக்கணுமா இல்லியா?"

"நின்னே ஆவணும். இல்லன்னா பேரு கெட்டுடும்."

"அப்புறம் அவுக்கும்போது ஒரே இழுப்புல வரணுமா இல்லியா?"

"அதுதான் முடிச்சு. எவன் வோணா இறுக்கிக் கட்டுவான். அவுக்க வர்ற மாதிரி கட்டறவன்தான் தொழில்காரன்."

"அந்த மாதிரி ஒண்ணு எனக்குக் கட்டிக்குடுண்ணா" என்றாள்.

எனக்கு எதிராக என் தொழிலையே சாட்சிக்குக் கூப்பிட்டுவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டேன். யார்டில் தூசி அதிகம். அப்படித்தான் சொல்லிக்கொள்ள வேண்டும்.

*

குட்டியானைக்குப் போனேன். விஜயா கண்ணாடி வழியாகச் செங்கல்பட்டு மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. அதற்கென்று தனியாக ஒரு முறை இருக்கிறது.

"டீ சாப்புடறியா?" என்றேன்.

"ரெண்டு."

"ரெண்டா?"

"ஒண்ணு, அத்தினி பேருக்கு முன்னாடி திட்டுனதுக்கு. இன்னொண்ணு, வாரக்கணக்கா என்னை சீரியல் வில்லிய பாக்கறா மாதிரி பாத்துகினு இருந்தீங்களே, அதுக்கு."

"நான் அப்டி பாக்கல."

"சாம்பார் ஊத்தும்போது கூட பாத்தீங்க. வெஷம் கலந்துகிறேனான்னு."

இரண்டு டீ வாங்கி வந்தேன். ஒன்றைக் குடித்துவிட்டு, இன்னொன்றைப் பாதி குடித்து, மீதியை என்னிடம் நீட்டினாள். விஷயம் முடிந்தது என்று அர்த்தம்.

வராத ஃபோனைப் பேசி முடித்த பாலசுப்ரமணியன் முகமெல்லாம் பல்லாக வந்தார். "ஒரு ஐடியா அண்ணாத்த. ஓட்டு டிசைன்லயே ஷீட்டு வந்துகீது. ரோட்டுலேர்ந்து பாத்தா ஓடு. கிட்ட வந்து தட்டுனா ஷீட்டு. உனக்கும் சந்தோசம், தங்கச்சிக்கும் சந்தோசம்."

எனக்கு ஒரு கணம் சபலம் தட்டியது. சொந்தக்காரர்கள் ரோட்டிலிருந்து பார்த்தால் போதுமே!

"வாணாம்ங்க" என்றாள் ரேணுகா. "ஷீட்டுன்னா ஷீட்டாவே இருக்கட்டும். வெள்ள கலர்ல குடுங்க. சூடு கம்மியா இருக்கும்ல?"

"கம்மிதான்மா. அடியில சூடு தாங்கற பட்டை ஒண்ணு ஒட்டிக்க. மேளச் சத்தமும் பாதியா கொறையும்."

"ஒட்டிக்கலாம்" என்றாள். அவள் எதையாவது வேண்டும் என்று சொல்லிக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று யோசித்தேன். நினைவில் வரவில்லை. ஜெயந்த்துக்கு ஃபோன் செய்து, "அலுமினியம் ஷீட், போல்ட் நட்டு" என்றேன். ஓடு கட்சி அந்த இடத்திலேயே கலைக்கப்பட்டது.

*

அளவை இன்னொரு தரம் சரிபார்த்துவிடலாம் என்று திரும்பும் வழியில் நெம்மேலிக்குப் போனோம். வெயில் இறங்கியிருந்தது. வேலையாட்கள் கைகால் கழுவிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார்கள். நைனா எங்களுக்கு முன்பே பஸ் பிடித்து வந்து, மணல் குவியலுக்குப் பக்கத்தில் என் கடை நாற்காலி ஒன்றைப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னாடா தீனா? எத்தினி ஓடு சொன்ன?"

"ஓடு இல்ல நைனா. ஷீட்டு."

"யாரு சொல்லி?"

"ரேணுதான் கேட்டா."

நைனா முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "பாத்தியா? நான் சொன்னேன்ல? எம்பொண்ணுக்கு புத்தி கீது. திரும்பிப் போற எண்ணம் இல்லாமியா ஷீட்டு கேப்பா?"

"நைனா, அது அதுக்கு இல்ல..."

"நீ பேசாத. நீ ஓட்டப் போட்டு அவ வாழ்க்கைய மூடப் பாத்தவன்." ரேணுகா பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தினார். அதில் ஒரு குழைவு இருந்தது; லாரி ஓட்டுகிறவர் குழந்தையிடம் பேசும் குழைவு. "கவலப்படாதம்மா. காலையிலதான் மாப்ளையாண்ட பேசுனேன். ஞாயித்துக்கிழமை வராரு. ஒக்காந்து பேசி, நல்லபடியா அனுப்பி வெச்சுடறேன்."

விஜயா என் கையைப் பிடித்தாள்.

ரேணுகா நைனாவைப் பார்த்தாள். பிறகு கொத்தனார்கள் சுவரில் சாத்திவைத்திருந்த மூங்கில் ஏணியில் ஏற ஆரம்பித்தாள். மாடிக்கு இன்னும் படிக்கட்டு வரவில்லை. ஹாலுக்குள்ளிருந்து வருவதாகத்தான் பிளான்.

நானும் பின்னாலேயே ஏறினேன். ஒரு ரகசியம்: ஏணி என்றால் எனக்கு உயிர் நடுங்கும். பந்தலில் மேலே ஏறுவதெல்லாம் என் ஆட்கள். நான் கீழே நின்று கத்துவதோடு சரி. ஒவ்வொரு படியிலும் திருப்போரூர் முருகனுக்கு ஒரு வேண்டுதல் வைத்து, மேலே போய்ச் சேரும்போது ஒரு மொட்டை, ஒரு காவடி வரை பாக்கி ஏறியிருந்தது.

கூரையில்லாத அறையின் நடுவில் அவள் நின்றுகொண்டிருந்தாள். ஜன்னலுக்கு விட்ட சந்து வழியாகச் சவுக்குத் தோப்பும் அதற்கப்பால் ஒரு கோடு மாதிரி கடலும் தெரிந்தன. காற்று ஈரமாக அடித்தது.

"ரேணு, நைனா சொன்னதுக்கு..."

"ஜெயந்த் சார் நம்பர் குடுண்ணா."

கொடுத்தேன். அவளே போட்டாள்.

"சார், நான் ரேணுகா பேசறேன். மாடி ரூம் என்னுது. ஆமா சார், ஷீட்டுதான். இன்னொண்ணு கேக்கணும். படிக்கட்ட ஹாலுக்குள்ள வெக்காம வெளிப்பக்கமா வெக்க முடியுமா? மேக்கால எடம் கீதா? சரிங்க சார். ரூம் கதவுக்கு பூட்டு, உள்ள ஒண்ணு, வெளிய ஒண்ணு."

கீழே நைனாவின் காது நன்றாகத்தான் இருந்தது.

"இன்னாம்மா பேசிகினு கீற? வெளிய படிக்கட்டா? போற வர்றவன்லாம் ஏறுவான்!"

அவள் சுவர் விளிம்புக்கு வந்து எட்டிப் பார்த்தாள். "ஏறாம இருக்கத்தான் நைனா பூட்டு."

"மாப்ள வராருன்னு சொல்லிகினு கீறேன்..."

"வரட்டும் நைனா. நான் வாணாங்கல. கீழ நின்னு என் பேரச் சொல்லிக் கூப்புடட்டும். நான் எறங்கி வர்றதா, அவரை ஏறி வரச் சொல்றதான்னு நான் சொல்றேன்."

"ஞாயித்துக்கிழமைக்குள்ள உன் படிக்கட்டு எங்கேர்ந்து வரும்? இந்த ஏணிதான் கீது. விறுவிறுன்னு ஏறி வந்துடுவாரு. அப்ப இன்னா பண்ணுவ?"

ரேணுகா ஏணியைப் பார்த்தாள். அதன் இரண்டு மூங்கில் நுனிகளும் சுவர் விளிம்புக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தன. குனிந்து ஒன்றைப் பிடித்து இழுத்தாள். ஏணி தரையிலிருந்து ஒரு முழம் எழும்பி, தொப்பென்று மறுபடி ஊன்றியது. கொத்தனார் ஏணி, நல்ல கனம்.

நைனா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் கோபம் இல்லை. லோடு ஏற்றி நிற்கும் லாரியை யாரோ வேறு ஆள் ஓட்டிக்கொண்டு போவதைப் பார்க்கிற முகம்.

"தூக்கறதுன்னா முழுசா தூக்குங்க!" என்று கீழிருந்து விஜயா கத்தினாள். "நடுவுல வுட்டீங்கன்னா என் தலையிலதான் வுழும்!"

ரேணுகா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, மூச்சைப் பிடித்து, மறுபடி குனிந்தாள். என்னைக் கூப்பிடவில்லை. நான் கீழே இறங்க இருக்கும் ஒரே வழி அந்த ஏணிதான் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

மறுபக்கத்து மூங்கிலை நான் பிடித்தேன்.